குமார பர்வதத்தை விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரிலிருந்து வார இறுதி மலையேற்றங்கள் நடத்தும் நிறுவனங்களுக்கும் குழுக்களுக்கும்,

உங்களில் ஒரு நிறுவனத்துக்கு அண்மையில் ஒரு புகார் அனுப்பினேன். கர்நாடகத்தில் இருக்கும் குமார பர்வத மலையில் கால் பிடித்துக்கொண்ட ஒரு பெண்ணைப் பாதி வழியில் உட்காரச் சொல்லிவிட்டு, உங்கள் ஆள் மற்றவர்களைச் சிகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது ஏன் என்பதுதான் நான் கேட்டது. பயணத்துக்கு முன்பே எல்லோரும் படிவத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அவரவர் உடல்நிலைக்கு அவரவரே பொறுப்பு என்று பதில் வந்தது. அன்று மாலையே அதே எண்ணிலிருந்து அடுத்த நீண்ட வார இறுதிக்கான விளம்பரமும் வந்தது. அதே மலை, இந்த முறை இரண்டு வண்டிகள், 'சில இடங்களே மீதம்'.

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மற்றவர்கள் எல்லாம் 'நல்லவேளை, நாங்கள் இல்லை' என்று நிம்மதியாகப் படித்துவிட்டுப் போய்விடுவீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உங்கள் விளம்பரங்களை வரிசையாகப் பார்த்தேன். படங்கள் வேறு, விலை கொஞ்சம் முன்னே பின்னே. நேர அட்டவணை மட்டும் ஒரே அட்டவணை.

நான் பிசியோதெரபிஸ்ட். நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்து பாதைகள் திறந்தால் எனக்குத் திங்கட்கிழமைகளில் கூட்டம் கூடும். முழங்கால் சிப்பிக்குப் பின்னால் வலி, கணுக்கால் சுளுக்கு, கறுத்துப்போன கால் பெருவிரல் நகம், படியில் பக்கவாட்டாக இறங்கி வரும் இருபத்தைந்து வயதுக்காரர்கள். எங்கே போனீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: நீங்கள் 'கே.பி.' என்று சுருக்கிக் கூப்பிடும் அந்த மலை. எனக்கும் மலை ஏறுவது பிடிக்கும். அதன் அடிவாரத்தில் இருக்கும் குக்கே சுப்பிரமணியா கோயிலுக்கு எங்கள் குடும்பம் தலைமுறையாகப் போய் வருகிறது. ஆகவே மலைக்கே யாரும் போகக் கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை.

முதலில் அந்த மலை என்ன என்று சொல்லிவிடுகிறேன், உங்கள் விளம்பரங்களில் அது இல்லாததால். குமார பர்வதம் 1,712 மீட்டர் உயரம். குடகில் தடியண்டமோலுக்கு அடுத்த பெரிய சிகரம். அது புஷ்பகிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கிறது; 2012இல் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் அந்தச் சரணாலயமும் ஒன்று. உயரத்தை மட்டும் பார்த்தால் பெரிதாகத் தோன்றாது. நந்தி மலையே ஏறத்தாழ 1,478 மீட்டர்தானே என்று உங்கள் வாடிக்கையாளர் நினைத்துக்கொள்கிறார். நந்திக்கு உச்சி வரை வண்டி போகும் என்பதும், பெங்களூரே கிட்டத்தட்ட 900 மீட்டரில் இருக்கிறது என்பதும் அவருக்கு அப்போது நினைவுக்கு வருவதில்லை. குக்கே இருப்பது கடல் மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டரில். அதாவது அந்தப் பக்கமாக ஏறுபவர் ஒரே மூச்சில் 1,500 மீட்டருக்கும் மேல் ஏறி, அதையே திரும்ப இறங்க வேண்டும். ஒரு வழிக்கே பன்னிரண்டு பதிமூன்று கிலோமீட்டர். தென்னிந்தியாவில் ஒரு நாளில் ஏறி இறங்கும் பாதைகளில் கடினமானவற்றில் ஒன்று என்று மலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். விளம்பரத்தில் 'மிதமானது முதல் கடினமானது வரை' என்று போடுகிறீர்கள். யாருக்கு மிதம்?

பாதையை நடந்தவர்களுக்கு அது எத்தனை விதமாக மாறும் என்று தெரியும். முதலில் காடு, வேர்களும் கற்களும் பின்னிய செங்குத்தான ஏற்றம், காற்றே இருக்காது. பிறகு பட்டர் மனை. வருகிறவர்களுக்குச் சோறும் சாம்பாரும் மோரும் போட்டே பேர் வாங்கிய வீடு. அதைத் தாண்டி வனத்துறைச் சாவடி, பையைச் சோதிப்பார்கள். அப்புறம்தான் உண்மையான சோதனை: நிழல் என்று ஒரு மரம்கூட இல்லாத புல்வெளி, கல் மண்டபம், சேஷ பர்வதம். பலர் சேஷ பர்வதத்தையே சிகரம் என்று நினைத்து மகிழ்ந்துபோய், எதிரே இன்னொன்று நிற்பதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். அங்கிருந்து சோலைக்காட்டுக்குள் இறங்கி, ஈரம் வழியும் பாறையில் மறுபடி ஏற வேண்டும். அட்டைகள் அங்கேதான் காத்திருக்கும். இந்தப் பாதையில் பெரும்பகுதி போன் சிக்னல் கிடையாது. யானை நடமாட்டமும் உண்டு. வழியில் கிடக்கும் சாணத்தைப் பார்த்தாலே தெரியும்.

இப்படிப்பட்ட இடத்துக்கு நீங்கள் வகுத்திருக்கும் அட்டவணை இது. வெள்ளி இரவு பத்தரைக்குப் பெங்களூரில் சில்க் போர்டு, பிறகு மாரத்தஹள்ளி, கோரகுண்டேபாளையா என்று ஆட்களை ஏற்றிக்கொள்வது. டெம்போ டிராவலரில் பாட்டு, அறிமுகம், விளையாட்டு. ஹாசன், சக்லேஷ்புரா தாண்டி சிராடி காட் மலைச்சாலை வளைவுகளில் யாரும் தூங்க முடியாது. காலை ஐந்துக்கு குக்கே. இருபது பேருக்கு ஒரு அறை, ஒரு கழிப்பறை. ஆறரைக்கு இட்லி, ஏழுக்கு ஏற்றம். சனி மாலை இறக்கம், இரவு மறுபடி வண்டி, ஞாயிறு விடியலில் வீடு. 'விடுப்பே எடுக்க வேண்டாம்' என்பது உங்கள் விளம்பர வாசகம்.

ஒரு பிசியோதெரபிஸ்டாக இதைப் பார்க்கும்போது எனக்கு என்ன தெரிகிறது என்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எழுந்து வேலைக்குப் போனவர், சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் புல்வெளியில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, உட்கார்ந்த நிலையில் போட்ட அரைத் தூக்கத்தைத் தவிர முப்பத்து மூன்று மணி நேரமாக விழித்திருக்கிறார். பதினேழு மணி நேரம் தூங்காமல் இருந்தாலே கவனமும் கைகால் ஒத்திசைவும் ஓரளவு மது குடித்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடித்தவரை அந்தப் பாறையில் இறக்குவீர்களா?

அதுவும் விபத்து நடப்பது ஏறும்போது குறைவு, இறங்கும்போதுதான் அதிகம். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றுவிடுவோம். இறங்கும்போது மூச்சு சரியாக இருக்கும், ஆனால் தொடையின் முன்தசை ஒவ்வொரு அடியிலும் நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்க வேண்டும். தசை நாரில் நுண்ணிய கிழிசல்கள் விழுவது அந்த வேலையில்தான். அதனால்தான் வலி அன்றைக்குத் தெரியாமல், மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்துக்குப் போகிறது. தசை களைத்தால் சுமை மூட்டுக்குப் போகும், முழங்கால் நடுங்கும், பாதம் எங்கே படுகிறது என்பதில் பிடி தளரும். கணுக்கால் உள்பக்கம் மடங்குவது அப்போது. கறுத்த நகத்துக்குக் காரணம் இன்னும் எளியது: ஷூ லேஸைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டாவிட்டால் இறக்கம் முழுவதும் விரல்நுனி ஷூவின் முன்பக்கம் போய் இடித்துக்கொண்டே இருக்கும். நகத்தை வெட்டிக்கொண்டு வாருங்கள், இறங்கும் முன் லேஸை இறுக்குங்கள் என்று சொல்ல அரை நிமிடம் ஆகாது. என்னிடம் வந்த ஒருவருக்கும் யாரும் சொல்லவில்லை.

இனி நான் நேரில் பார்த்தது.

போன சீசனில் மலையேற வனத்துறையின் ஆன்லைன் டிக்கெட் எனக்குத் தனியாகக் கிடைக்கவில்லை. உங்களில் ஒருவரிடம் கிடைத்தது. (அது எப்படி என்ற கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.) வண்டியில் என் பக்கத்து இருக்கையில் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, வேலை வொயிட்ஃபீல்டில், பெங்களூருக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இரவெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். ஓட்டப் பயிற்சிக்குப் போடும் துணி ஷூ, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று, பிஸ்கட். இதற்கு முன் எங்கே ஏறியிருக்கிறாய் என்று கேட்டேன். பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்கந்தகிரி என்றாள். பதிவு செய்யும்போது உங்களிடமிருந்து அவளுக்கு வந்த கேள்விகள் பெயர், வயது, சைவமா அசைவமா, எங்கே வண்டி ஏறுவீர்கள். அவ்வளவுதான்.

உங்கள் வழிகாட்டி ஒரு கல்லூரி மாணவன். நல்ல பையன், சுறுசுறுப்பு. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. முன்னால் ஒருவனாக ஓடினான், பின்னால் யாரும் இல்லை. வண்டிக்கு ஒருவன் போதும் என்று முடிவு செய்தது அவன் அல்ல. அவனுக்கு நாள் கூலி எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டபோது, இங்கே யாருடைய உழைப்பில் யார் லாபம் பார்க்கிறார்கள் என்பதும் எனக்கு விளங்கியது.

சேஷ பர்வதத்துக்குக் கொஞ்சம் கீழே, உச்சி வெயிலில், அந்தப் பெண்ணுக்கு இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டன. தலைவலி, குமட்டல். தண்ணீர் ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தது. வழிகாட்டி திரும்பி வந்து பார்த்தான். "இங்கேயே உட்காருங்க, திரும்பி வரும்போது கூட்டிட்டுப் போறோம்" என்றான். மற்றவர்கள் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பணம் கொடுத்து, இரவெல்லாம் பயணம் செய்து, கண்ணுக்கு எதிரே சிகரம் நிற்கும்போது யாருக்குத்தான் திரும்ப மனம் வரும்? அவளும் என்னிடம், "அக்கா, நீங்க போங்க. எனக்காக நிக்காதீங்க, நான் மெதுவா இறங்கிடுறேன்" என்றாள். நிழல் இல்லை, சிக்னல் இல்லை, பாதை தெரியாது. வெயில் உடம்பில் ஏறத் தொடங்கிவிட்ட ஒருவரைத் தனியாக விட்டுவிட்டுப் போவதற்கு எந்த மருத்துவப் புத்தகத்திலும் அனுமதி கிடையாது. நான் நின்றுவிட்டேன்.

ஒரு பாறையின் ஓரத்தில் துப்பட்டாவைக் கட்டி நிழல் செய்து, பாதத்தை முழங்கால் பக்கமாக மடக்கித் தசையை இழுத்துவிட்டு, என்னிடம் இருந்த ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். வெறும் தண்ணீரை மடமடவென்று குடிக்க விடவில்லை. வியர்வையில் உப்பு போயிருக்கும்போது அது வேறு வம்பில் கொண்டுபோய் விடும். ஒரு மணி நேரம் போல ஆனது. எழுந்து நிற்க முடிந்ததும், உங்கள் குழு வரும்வரை காத்திருப்பதை விட வெளிச்சம் இருக்கும்போது இறங்கத் தொடங்குவதே நல்லது என்று நான் முடிவு செய்தேன். கல் மண்டபம் தாண்டிய பிறகு உங்கள் குழு எங்களைப் பிடித்தது. "அட, நீங்களே வந்துட்டீங்களா, சூப்பர்!" என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டு வழிகாட்டி எங்களைத் தாண்டிப் போனான். மற்றவர்களும் போனார்கள். வண்டி கிளம்பும் நேரம் தவறக் கூடாதாம்.

கடைசிக் காட்டுப்பகுதியில் எங்களுக்கு இருட்டிவிட்டது. டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும், மரங்களுக்கு அடியில் அதற்கும் முன்பே. என்னிடம் ஒரு டார்ச், அவளிடம் சார்ஜ் தீரப்போகும் போன். உள்ளூர்க்காரர் இருவர் தலைச்சுமையோடு இறங்கி வந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்து, கீழே வரை கூடவே நடந்தார்கள். அவர்கள் உங்கள் சம்பளப் பட்டியலில் இல்லை. வண்டியில் ஏறியதும் யாரோ ஹிந்தியில், இவர்களால் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். அவள் பெங்களூர் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். ஞாயிறு மதியம் ஐந்து நட்சத்திரம் கேட்டு உங்கள் செய்தி வந்துவிட்டது.

ஒரு சம்பவத்தை வைத்து எல்லோரையும் குறை சொல்கிறேன் என்று நினைக்கலாம். திங்கட்கிழமை நோயாளிகளிடம் இப்போது நான் கேட்பது ஒரே கேள்விதான்: உங்களுக்குப் பின்னால் கடைசியாக யார் வந்தார்கள்? பலருக்குத் தெரியவே தெரியாது.

இந்த மலையில் கூட்டத்தின் கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2024 ஜனவரியில், குடியரசு நாள் விடுமுறையில், குமார பர்வதப் பாதையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்ற காணொளி நாடெங்கும் பரவியது. கர்நாடக வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே, ஆன்லைன் பதிவு இல்லாத மலையேற்றப் பாதைகளைத் தற்காலிகமாக மூடச் சொன்னார். அந்த ஆண்டு அக்டோபரில் ஆன்லைன் பதிவு தொடங்கியது. ஒரு பாதைக்கு ஒரு நாளைக்கு 300 பேர் என்று வரம்பு வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் எண்ணிக்கையைக் குறைத்தது அரசு. வரும் முந்நூறு பேர் எப்படி வருகிறார்கள், எப்படித் திரும்புகிறார்கள் என்பது இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பதிவு திறந்த கொஞ்ச நேரத்தில் வார இறுதி நாட்களுக்கான இடங்கள் தீர்ந்துபோய், தனியாகப் போக நினைப்பவர் கைபிசைந்து நிற்கும்போது, உங்கள் விளம்பரத்தில் மட்டும் எப்படி இடம் இருக்கிறது? யார் பெயரில், யார் அடையாள அட்டையில் அவை பதிவாகின்றன? நேர்மையான பதில் இருக்கலாம். இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன்.

தமிழ் படிக்கிறவர்களுக்கு குரங்கணியை நினைவுபடுத்த வேண்டியதில்லை. உங்களில் பலருக்கு அந்தப் பெயர் புதிதாக இருக்கலாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தில் அந்த மலைச்சரிவில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வார இறுதிக்குக் குழுவாக மலையேறப் போனவர்கள், பெரும்பாலும் இளைஞர்கள். காய்ந்த புல், சரிவு, வழி தெரியாத ஆட்கள், நகரத்தில் உட்கார்ந்து பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024இல் தமிழ்நாடு வனத்துறை தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில், பயிற்சி பெற்ற உள்ளூர் மற்றும் பழங்குடி இளைஞர்களே வழிகாட்டிகளாகக் கூட வருகிறார்கள். குமார பர்வதத்தின் புல்வெளியும் ஜனவரி தாண்டினால் காய்ந்துவிடும். தீ வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று உங்கள் கல்லூரி மாணவனுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களா? அந்தச் சரிவிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

ஒரு சின்ன இடைச்செருகல். தேவசேனை திருமணம் திருப்பரங்குன்றத்தில் என்பது நம் கணக்கு. குக்கேகாரர்கள் அது இந்தக் குமார பர்வதத்தில்தான் நடந்தது என்பார்கள். தாரகனை வென்ற பிறகு குமாரன் ஆயுதத்தைக் கழுவிய ஆறு என்றுதான் கீழே ஓடும் குமாரதாராவைச் சொல்வார்கள். எந்த ஊரில் கல்யாணம் என்ற வழக்கை முருகனே பார்த்துக்கொள்ளட்டும். நான் இதைச் சொல்வது, இந்த மலைக்கு வருகிறவர்களில் சாகசத்துக்கு வராதவர்களும் நிறைய உண்டு என்பதற்காக. ஊன்றுகோலோடு மெதுவாக ஏறும் வயதானவர்களை உங்கள் ஆட்கள் 'ஓரமா போங்க' என்று தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுக்கொண்டு.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். போட்டி அதிகம், விலையைக் கூட்டினால் ஆள் வராது, வாடிக்கையாளர்களே ஒரு நாள் பயணம்தான் கேட்கிறார்கள். கேட்கத்தான் செய்வார்கள், ஏனென்றால் அதைத்தான் அவர்களுக்கு நீங்கள் காட்டியிருக்கிறீர்கள். சிகரத்தை உறுதியாக விற்றுவிட்ட பிறகு, திரும்பிவிடலாம் என்று சொல்ல அந்த மலையில் ஒருவருக்கும் வாய் வராது. வழிகாட்டிக்கும் வராது, கால் பிடித்துக்கொண்டவருக்கும் வராது. கோளாறு அங்கே இருக்கிறது. நான் கேட்பதெல்லாம் அதைச் சரிசெய்யத்தான்.

குமார பர்வதத்துக்கு இரவெல்லாம் பயணம் செய்து காலையில் ஏற்றும் அட்டவணையை நிறுத்துங்கள். சனிக்கிழமை காலை கிளம்பி, குக்கேயில் இரவு தூங்க வைத்து, ஞாயிறு விடிந்ததும் ஏற்றுங்கள். விடுதிச் செலவு கூடும். அதை விலையில் சேர்த்து, ஏன் என்று வெளிப்படையாக எழுதுங்கள். திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள், வானம் இடிந்து விழாது. வண்டி ஓட்டுநருக்கும் இது பொருந்தும்: வெள்ளி இரவு முழுக்க ஓட்டி, பகலில் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் சுருண்டு படுத்து, சனி இரவு மறுபடி சிராடி காட் வளைவுகளில் இருபது உயிர்களோடு அவரை ஏற்றாதீர்கள். அவருக்கும் ஒரு கட்டில் போடுங்கள். அது முடியாது என்றால் இரண்டாவது ஓட்டுநர் வேண்டும்.

திரும்பும் நேரத்தை விளம்பரத்திலேயே அச்சிடுங்கள். குறிப்பிட்ட மணிக்குள் சேஷ பர்வதத்தை அடையாதவர்கள் அங்கிருந்து திரும்ப வேண்டும் என்று பணம் வாங்கும் முன்பே சொல்லுங்கள். மணி எது என்பதை உங்களை விட வனத்துறைச் சாவடியில் இருப்பவர்கள் நன்றாகச் சொல்வார்கள், கேளுங்கள்.

ஒவ்வொரு குழுவுக்கும் கடைசியாக நடக்க ஒருவர் கட்டாயம் வேண்டும். அவருக்கு முதலுதவிப் பயிற்சி இருக்க வேண்டும். அவர் பையில் ஓ.ஆர்.எஸ்., கட்டுத்துணி, டார்ச், விசில் இருக்க வேண்டும். இந்த வேலைக்கு குக்கே, சோமவார்பேட்டைப் பக்கத்து உள்ளூர் ஆட்களை முறையான கூலிக்கு வையுங்கள். உங்கள் மாணவர்களுக்கும் கௌரவமான சம்பளமும் காப்பீடும் கொடுங்கள். யாரையும், எந்தக் காரணத்துக்காகவும், தனியாக உட்கார வைத்துவிட்டுப் போகக் கூடாது. ஒருவர் நின்றால் அவரோடு உங்கள் ஆள் ஒருவர் நிற்க வேண்டும். இதை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

பதிவுப் படிவத்தில் சைவ அசைவத்தோடு சேர்த்து, கடைசியாக எவ்வளவு தூரம் நடந்தீர்கள், என்ன ஷூ, ஆஸ்துமா, இதயம், முழங்கால் தொல்லை உண்டா என்றும் கேளுங்கள். பதிலைப் பார்த்து, இவருக்கு இந்த மலை இப்போது வேண்டாம், முதலில் பெங்களூருக்குப் பக்கத்துக் குன்றான சாவனதுர்கா போய் வரட்டும் என்று சொல்லும் துணிவும் வேண்டும். பொறுப்புத் துறப்புப் படிவத்தை வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் உங்கள் ஆளின் அலட்சியத்துக்கும் அது கேடயமாகும் என்ற வரியை எடுத்துவிடுங்கள். டிக்கெட்டுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இந்த மடலின் கன்னட, ஆங்கில வடிவங்களை வனத்துறைக்கும் அனுப்புகிறேன். எனக்குத் தனிச் செய்தியில் பதில் அனுப்ப வேண்டாம். நீண்ட வார இறுதிக்கு அறிவித்திருக்கும் அந்த இரண்டு வண்டிகளும் கிளம்பும் முன்பு, உங்கள் பயணப் பக்கத்தில், விலைக்கு மேலே, பணம் கட்டப் போகிறவர்கள் படிக்கும்படி எழுதுங்கள்.

இப்படிக்கு,
பெங்களூரிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்